துணைக்கு யார் வந்திருக்காங்க?

காலை எட்டேமுக்கால் மணிக்கே மஜ்ஜைப் பிரிவின் வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நாற்காலிகள் இருபத்திரண்டு. மீதிப் பேருக்குச் சுவர் இருந்தது. அந்தச் சுவரின் மேலே முதல்நாள் மாலை ஒரு துணிப் பதாகை கட்டியிருந்தார்கள்: ‘உயிரின் கணிதம்: நாள்பட்ட மஜ்ஜை நோயில் ஆயுளை முன்கூட்டிச் சொல்லும் ஆறு காரணிகள்.’ வலது மூலையில் பெரிய டாக்டரின் படம். கீழே காத்திருந்த நாற்பது பேருக்கும் பங்கு போட்டாலும் மிஞ்சும் அளவுக்கு அந்த முகத்தில் ரத்தம் ஓடியது. பதாகையின் கயிறு ஒன்று தளர்ந்துபோய், மின்விசிறி சுற்றும்போதெல்லாம் பெரிய டாக்டரின் முகம் சுவரில் சாய்ந்திருந்தவர்களின் தலையில் வந்து வந்து மோதியது. யாரும் தள்ளி நிற்கவில்லை. தள்ளி நிற்க இடமும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த நோய் அப்படி. எலும்புக்குள் ரத்தம் ஊற வேண்டிய மஜ்ஜை, கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பு ஏறிக் கெட்டியாகிவிடும். ஊற்றுக் கண் அடைபட்ட கிணறு மாதிரி. உடம்பு வெளுக்கும், மண்ணீரல் வீங்கும், நாலு படி ஏறினால் நாற்பது படி ஏறினாற்போல் இரைக்கும். சிலர் பதினைந்து வருடம் ஓட்டுவார்கள். சிலர் பதினைந்து மாதம். யார் எவ்வளவு நாள் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் பெரிய டாக்டரின் பத்து வருட ஆராய்ச்சி. வயது, ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், ரத்தத்தில் கலந்துவரும் முதிராத அணுக்கள், காய்ச்சல், வியர்வை, எடைக்குறைவு என்று ஒன்றாகக் கணக்கிடும் தொந்தரவுகள்: இந்த ஐந்தையும் வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய டாக்டர் தட்டணுக்களை ஆறாவதாகச் சேர்த்தார். சேர்த்ததும் மொத்தத்துக்கும் தன் பெயரை வைத்துக்கொண்டார். இன்றைக்கு அதன் அரங்கேற்றம். வெளியிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள்.

கதவை ஒட்டிய மேசையில் பதிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பிரிவில் ‘கட்டம்’ என்று பெயர். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு மூச்சு வரும். முந்நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளின் பத்து வருட உயிரை ஒற்றை ஆளாகக் கட்டங்களில் அடைத்தவர் அவர்தான். பெரிய டாக்டர் எள் என்றால் எண்ணெயாக நிற்பார். அதற்குக் கூலியாக ஆண்டுக்கு ஒருமுறை “கட்டம் இல்லன்னா நான் இல்ல” என்று பெரிய டாக்டர் மேடையில் சொல்லுவார். கட்டமும் அதை நம்பி, ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

வருகிற நோயாளியிடம் கட்டம் முதலில் கேட்கும் கேள்வி நோயைப் பற்றியதல்ல.

“துணைக்கு யார் வந்திருக்காங்க?”

நாலு வருடத்துக்கு முன்பு, தனியாக வந்த ஒருவர் ரத்தம் ஏற்றும்போது மயங்கி விழுந்துவிட்டார். ஓடி ஆள் கூப்பிட யாருமில்லை. புகார் வந்தது, விசாரணை வந்தது. “இனிமே இந்தத் தலைவலி எனக்கு வரக்கூடாது” என்றார் பெரிய டாக்டர். ஆளில்லாத நோயாளிக்கு ஆள் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டம் உடனே மூன்று வரியில் ஒரு சுற்றறிக்கை எழுதினார்: துணைக்கு ஆள் இல்லாதவருக்கு ரத்தம் ஏற்றப்பட மாட்டாது, ஆளோடு வரும்படி திருப்பி அனுப்பப்படுவார், பதிவேட்டில் ‘துணை இல்லை’ என முத்திரை இடப்படும். தலைவலி பெரிய டாக்டரை விட்டுத் தனிக்கட்டை ஆட்களின் தலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சட்டத்தில் ஓட்டை போட்டவர் வாசல் டீக்கடைக்காரர். ஒரே வாரத்தில் நாலு நோயாளிக்கு அவர் அண்ணனாக வந்து கையெழுத்துப் போட்டார். “நாலு பேருக்கும் நீங்க அண்ணனா?” என்று சிஸ்டர் கேட்டதற்கு, “எங்கப்பா கொஞ்சம் அப்படி இப்படி” என்று கூசாமல் சொன்னார். வார்டே சிரித்தது. கட்டம் சிரிக்கவில்லை. ‘உறவுக்குச் சான்று காட்ட வேண்டும்’ என்று நாலாவது வரியைச் சேர்த்து ஓட்டையை அடைத்தார். அந்த வருடம் மேடையில் அவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார் பெரிய டாக்டர்.

ஒன்பது மணிக்குக் காஜா அக்கா வந்தாள். ஒரு தையற்கடையில் இருபத்தாறு வருடமாகச் சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. கடைக்கு மேலேயே ஒரு அறையில் குடியிருக்கிறாள். மாதம் இரண்டு பை ரத்தம் ஏறினால் ஊசி பிடிப்பாள். ஏறாவிட்டால் படுக்கை. இந்த மாதம் இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் அவளுக்காக ஒதுக்கி எடுத்துவைத்த பைகள், துணை இல்லாத காரணத்தால், ரத்த வங்கிக்கே திரும்பிப் போயின. அவளும் திரும்பிப் போனாள்.

“துணைக்கு யார் வந்திருக்காங்க?”

“போன தடவை வந்த அதே ஆள்தான்.”

“போன தடவை யாரும் வரலையே.”

“அதைத்தான் சொல்றேன். அதே ஆள்.”

கட்டம் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய உதடும் முகமும் ஒரே நிறத்தில் இருந்தன. “கடையில யாரையாவது கூட்டிட்டு வரலாம்ல, அக்கா?”

“கடைக்காரர் ஒரு நாள் வர்றேன்னாரு. உறவுக்குச் சான்று கேட்பாங்கன்னு சொன்னேன். காஜாவுக்கும் பட்டனுக்கும் என்ன உறவுன்னு எந்த ஆபீஸ்ல எழுதி வாங்கறதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

காலையில் எடுத்த பரிசோதனைச் சீட்டை நீட்டினாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலு புள்ளி எட்டு. கட்டத்தின் கை பழக்கத்தில் முத்திரைக் கட்டையைத் தேடிப் போனது. அதற்குள் உள்ளேயிருந்து மணி அடித்தது. “உட்காருங்க, வந்துடறேன்” என்று எழுந்தார்.

பெரிய டாக்டரின் அறையில் புதுச் சட்டையின் வாசனையும் கைகழுவும் திரவத்தின் வாசனையும் கலந்து வந்தன. யாரையும் தொடாத நாட்களிலும் அவர் மணிக்கு நாலு தடவை கைகழுவுவார். கணினித் திரையில், படிக்கட்டு மாதிரி இறங்கிப் போகும் ஒரு கோடு இருந்தது. ஒவ்வொரு சாவுக்கும் கோடு ஒரு படி இறங்கும். திரும்பி வராமல், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் போனவருக்குப் படி கிடையாது. கோட்டின் மேல் ஒரு சின்னக் கீறல் மட்டும்.

“பாருங்க கட்டம், என்ன அழகா நிக்குது பாருங்க. உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலயும் இந்தக் கோடு இவ்வளவு மெதுவா இறங்கல. கீறல்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அறுபத்தொண்ணு. யாராச்சும் கேட்டா என்ன சொல்றது? ஃபோன் பண்ணச் சொன்னேனே?”

“பண்ணிட்டேன் சார்.” கட்டம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மூன்று நாளாக அது அவர் பையில் கனத்துக்கொண்டிருந்தது. “அறுபத்தொண்ணுல நாற்பத்து மூணு பேர் செத்துப்போயிட்டாங்க சார். ஃபோனை எடுத்தவங்க வீட்டுச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை செஞ்ச இடத்து முதலாளி, அந்த மாதிரி. ஒரு அம்மா, இப்பதான் ஞாபகம் வந்துச்சான்னு கேட்டாங்க.”

“சரி, பாவம்.”

“பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன் சார். நாற்பத்து மூணுல முப்பத்தொன்பது பேருக்குக் கடைசி வரியில ஒரே முத்திரை. ‘துணை இல்லை.’ ரத்தம் ஏத்தாம நாமதான் திருப்பி அனுப்பியிருக்கோம்.”

பெரிய டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சாவுச் சான்றிதழ் இருக்கா?”

“ஃபோன்லதான் சொன்னாங்க.”

“அப்ப விடுங்க. ஃபோன்ல செத்தவனை எல்லாம் நான் கோட்டுல சேர்க்க முடியாது. நாற்பத்து மூணு படி இறங்குச்சுன்னா இது கோடு இல்ல, கிணத்துப் படிக்கட்டு. கீறலாவே இருக்கட்டும். அறிவியல்ல அதுக்கு இடம் இருக்கு.”

“சார், அவங்க ஏன் வரலைங்கறதும் ஒரு காரணம்தானே? நம்ம ஆறு காரணியில…”

“கட்டம், காரணின்னா நோயாளி உடம்புக்குள்ள இருக்கணும். வாசல்ல இருக்கறதெல்லாம் நிர்வாகம்.” கையை மறுபடி கழுவிக்கொண்டார். “வெளியில யாரோ நாலு புள்ளி எட்டோட வந்திருக்காங்கன்னு லேப்ல சொன்னாங்களே?”

“காஜா அக்கா. துணை இல்ல. மூணாவது தடவை.”

“ஆராய்ச்சி அரங்கேற்றம் இன்னிக்கு நாலு மணிக்கு முடியுது. இன்னிய தேதியில உயிரோட இருக்காங்கன்னு எழுதிக்கோங்க. நாலு மணி வரைக்கும் இருந்தாப் போதும். அப்புறம் நடக்கறது அடுத்த ஆராய்ச்சி.”

சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். மேசையில் விருந்தினருக்காக வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, “சாப்பிடுங்க, முகமே சரியில்ல” என்று நீட்டினார். கட்டம் வாங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கை நீட்டிய எதையும் அவர் வாங்காமல் இருந்ததில்லை.

நேராகக் கழிப்பறைக்குப் போனார். பிஸ்கட்டைத் தொட்டியில் போட்டார். முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தபோது, யார் மேல் காறித் துப்ப வேண்டும் என்று நெஞ்சு துடித்ததோ அந்த ஆளுடைய முகத்தில் பாதிதான் பெரிய டாக்டரின் சாடை. மீதிப் பாதி கண்ணாடியிலேயே இருந்தது. கோடு அவருடையது. முத்திரை யாருடையது? முப்பத்தொன்பது தடவையும் கட்டையை மையில் தொட்டு, சாயாமல், கட்டத்துக்குள் நிற்கும்படி அழுத்தியது இந்தக் கைதான். நேராக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துப் பார்த்ததும் இதே கண்தான்.

வெளியே வந்தார். காஜா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு சட்டையை வைத்துக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் இருபது சட்டை கொடுக்க வேண்டுமாம். மூன்று குத்துக் குத்துவாள். பிறகு ஊசியைத் துணியில் நிறுத்திவிட்டு, மாடி ஏறியவள் மாதிரி மூச்சு வாங்குவாள். மறுபடி மூன்று குத்து. நகங்கள் வெள்ளைத் துணியோடு துணியாகத் தெரிந்தன.

கட்டம் வார்டுக்குள் போய்ச் சிஸ்டரிடம், “காஜா அக்காவுக்கு ரத்தம் ஏத்துங்க. துணைக்கு நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

சிஸ்டர் ஊசி மருந்து எண்ணிக்கொண்டிருந்தவர், எண்ணிக்கையை விடாமல் கேட்டார்: “என்ன உறவு?”

“உறவு ஒண்ணுமில்ல.”

“நாலாவது வரியைப் படிங்க. சுவத்துலதான் இருக்கு. உங்க எழுத்து.”

“அது அசட்டுத்தனம் சிஸ்டர்.”

“எழுதின அன்னிக்கே நான் சொன்னேன். எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லுங்கன்னீங்க.” எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார் சிஸ்டர். “சார், அந்த டீக்கடை அண்ணன் பொய் சொன்னாருதான். ஆனா அவர் பொய் சொன்ன வாரத்துல நாலு பேருக்கு ரத்தம் ஏறுச்சு. நீங்க உண்மையைக் கேட்க ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் எத்தனை பையைத் திருப்பி அனுப்பியிருக்கேன்னு தெரியுமா? புதுசா ஒரு தாள் கொண்டாங்க, பெரிய டாக்டர் கையெழுத்தோட. இந்த நிமிஷமே ஏத்தறேன். தாள் இல்லாம ஏத்தினா, நாளைக்கு என்னை விசாரிக்க நீங்களே கட்டம் போட்டுக்கிட்டு வருவீங்க.”

அவர் வெட்டிய குழி அவர் அளவுக்கே சரியாக இருந்தது.

மேசைக்கு வந்து கணினியைத் திறந்தார். பத்து நிமிடம் தட்டச்சு செய்தார். முதல்முறையாகக் கட்டமே போடாமல் ஒரு தாள்: ‘முந்தைய சுற்றறிக்கை இன்று முதல் ரத்து. துணை இல்லாத நோயாளிக்குத் துறையே துணை. பணியில் உள்ள ஊழியர் ஒருவர் துணையாக இருப்பார். யாரும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்.’

அரங்கின் வாசலில் பெரிய டாக்டர் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் புகைப்படக்காரர். மறுபக்கம் உயரமான மேசையில், பங்கேற்றவர்களுக்கான எழுபது சான்றிதழ்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. கண் புகைப்படக் கருவியிலும், உதடு சிரிப்பிலும், கை மட்டும் தாளிலுமாக அவர் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். தாளைப் படித்துக் கையெழுத்துப் போடுவது சின்ன டாக்டர்களின் பழக்கம் என்பது அவர் கொள்கை. நாலு வருடத்துக்கு முன்பு அந்த மூன்று வரியிலும் லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் கையெழுத்துப் போட்டார்.

கட்டம் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தார். முப்பதாவதுக்கும் முப்பத்தொன்றாவதுக்கும் நடுவில் அந்தத் தாள் போனது. பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கையெழுத்துப் போட்டதோடு, கீழே வழக்கமான வளைவையும் இழுத்துவிட்டது.

“கட்டம் இல்லன்னா நான் இல்ல” என்றார் பெரிய டாக்டர், பக்கத்தில் நின்றவரிடம்.

பதினொன்றரைக்குக் காஜா அக்காவின் கையில் ஊசி ஏறியது. சிஸ்டர் பழைய தாளைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். ரத்தம் ஏற்றும்போது நோயாளியின் காய்ச்சலும் நாடியும் பார்க்க வேண்டும் என்று துணைக்கு வந்தவருக்குச் சொல்வது வழக்கம். கட்டத்துக்கும் சொன்னார். கட்டம் முக்காலியில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பிரிவில் பதினாறு வருட வேலையில் அவர் தொட்ட முதல் நோயாளி அவள்.

“என்ன சார், எனக்கு நீங்க என்ன முறை?” என்றாள் அக்கா. முதல் பையில் கால்வாசி இறங்கியதும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

“திருப்பி அனுப்பினவன் முறை.”

“அப்படி ஒரு முறை இருக்கா? எனக்கு நெறையப் பேர் அந்த முறையில இருக்காங்க.”

அரங்கிலிருந்து கைதட்டல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. ‘உயிரின் கணிதம்’ அமோகமாக நடந்தது. படிக்கட்டுக் கோட்டைத் திரையில் பார்த்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்களாம். முப்பத்தொன்பது பேர் அதில் கீறலாகக் கிடந்தது யார் கண்ணிலும் குத்தவில்லை.

ஒன்றரை மணிக்கு, வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அம்மாளையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிக் காட்ட வந்தார். கட்டம் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிச் சுவரில் இருந்த தாளை வாய்விட்டுப் படித்தார். “துணை இல்லாத நோயாளிக்குத் துறையே துணை. ரொம்ப நல்லா இருக்கே டாக்டர். எங்க ஊர்லகூட இது கிடையாது.”

பெரிய டாக்டர் அந்தத் தாளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார், வளைவோடு. முகத்தில் ஒரே ஒரு கணம் காற்றுப் போனது. அடுத்த கணம் நிரம்பிவிட்டது.

“என் நீண்ட நாள் கனவு மேடம்” என்றார். “மனிதநேயம் இல்லாத மருத்துவம் மருத்துவமே இல்ல.”

“கனவு எப்ப வந்துச்சு சார்?” என்று படுக்கையிலிருந்து கேட்டாள் காஜா அக்கா. “போன செவ்வாக்கிழமை வரலையே. அதுக்கு முந்தின செவ்வாயும் வரல. ரெண்டு நாளும் வாசலோட அனுப்பிட்டாங்க.”

பேராசிரியர் அவளிடம் திரும்பினார். “அப்படியா அம்மா? இன்னிக்கு எப்படி உள்ள விட்டாங்க?”

“இவரைக் கேளுங்க. எனக்குத் துணைக்கு வந்தவர் இவர்தான்.”

பெரிய டாக்டர் கட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதினாறு வருட மேடைப் பாராட்டு முழுவதும் வட்டியோடு இருந்தது. ‘தலையை ஆட்டு, வாயைத் திறக்காதே’ என்றது அது. வாயைத் திறக்காவிட்டால் கனவு பெரிய டாக்டருடையதாகும். தாள் சுவரில் நிற்கும். அதுவும் நல்லதுதான். கட்டத்துக்கு அது புரிந்தது. ஆனால் அந்தத் தாளுக்குக் கீழே முப்பத்தொன்பது பேர் கிடந்தார்கள்.

“இன்னிக்கு வரைக்கும் இங்க வேற சட்டம் மேடம்” என்றார். “துணை இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பினோம். அப்படிப் போனவங்கள்ல முப்பத்தொன்பது பேர் உயிரோட இல்ல. கோட்டுல நீங்க பார்த்த கீறல் அவங்கதான். சட்டத்தை எழுதினது நான். முத்திரை குத்தினதும் நான்.”

“அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார்” என்று பெரிய டாக்டர் சிரித்தார். “காலையிலேருந்து சாப்பிடல.”

“ஆமா சார், சாப்பிடல. நீங்க குடுத்த பிஸ்கட்டையும் தொட்டியில போட்டுட்டேன்.” “ஒருத்தர் எத்தனை நாள் இருப்பார்னு அவர் ரத்தத்துல தேடுறோம், எலும்புக்குள்ள தேடுறோம். வாசல்ல அவர் வந்து நின்னப்ப நாம கதவைத் திறந்தோமா சாத்துனோமான்னு தேடுறதில்ல. நோயில செத்தா அது விதி சார். ஆள் இல்லைங்கற காரணத்துக்காகச் சாக விட்டா அது கொலை. கூட வர ஒருத்தரும் இல்லாதவங்களுக்குத்தான் ஆஸ்பத்திரியே. அவங்களைத் திருப்பி அனுப்பற இடத்துக்கு வேற எந்தப் பேர் வேணும்னாலும் வைங்க. ஆஸ்பத்திரின்னு வைக்காதீங்க.”

பேராசிரியர் தன் குறிப்பேட்டைத் திறந்து, “அந்த முப்பத்தொன்பது பேரோட பதிவேட்டை நான் பார்க்கணும்” என்றார், பெரிய டாக்டரைப் பார்க்காமல். பெரிய டாக்டரின் கை, பழக்கத்தில், சுவரோரம் இருந்த கைகழுவும் திரவத்தை நோக்கிப் போனது.

“எல்லாத்தையும் பாருங்க, எழுதுங்க” என்றாள் காஜா அக்கா. “அதுக்கு முன்னாடி இந்தப் பை தீர்ந்துபோச்சு. யாராவது அடுத்ததை மாட்டுங்க.”

பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டம் சிஸ்டரைக் கூப்பிட ஓடினார்.